விலங்கில்லாச் சோதனை முறையை மருந்து ஒழுங்குமுறையாளரிடம் கொண்டுபோவது எப்படி?

உங்கள் கையில் ஒரு சோதனை முறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனித செல்களைத் தாங்கிய சிப், ஆர்கனாய்ட் (செல்களிலிருந்து வளர்த்த குட்டி உறுப்பு மாதிரி), கணினி மாதிரி, எதுவானாலும் சரி. ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்கிறது. ஆய்விதழில் கட்டுரையும் வந்துவிட்டது. அப்போது ஒரு மருந்து நிறுவனம் கேட்கிறது: "இந்தத் தரவை வைத்து விலங்குச் சோதனை ஒன்றைத் தவிர்க்க முடியுமா? ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புக்கொள்ளுமா?" நல்ல அறிவியலாளர்கள் பலர் தடுமாறி நிற்பது இந்த இடத்தில்தான். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காக, என்ன செய்வது, எதை முதலில் செய்வது என்று எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் பிறக்கிறது. ஒழுங்குமுறையாளர் ஒரு கருவியைப் பார்த்து "நல்ல கருவி" என்று பொதுவாக முத்திரை குத்துவதில்லை. இந்த மருந்தைப் பற்றிய இந்தக் கேள்விக்கு இந்தத் தரவு போதுமான விடையா என்று பார்க்கிறார், அவ்வளவுதான். ஆகவே கருவியிலிருந்து தொடங்காதீர்கள். கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது

1937-இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தை டைஎதிலீன் கிளைகாலில் கரைத்து விற்றார்கள். நச்சுத்தன்மை பற்றி யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. மருந்தை விற்பதற்கு முன் அதன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்றானது. அதைக் காட்டும் வழியாக விலங்குச் சோதனை பல பதிற்றாண்டுகள் வேரூன்றியது. அந்தக் காலத்தில் வேறு வழியும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எதிரே உட்கார்ந்திருக்கும் மதிப்பாய்வாளர் பிடிவாதக்காரர் இல்லை. மீண்டும் அப்படி ஒன்று நடக்கக் கூடாது என்பதற்காகவே அவருடைய பதவி உருவாக்கப்பட்டது.

2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான அமெரிக்கச் சட்டத் திருத்தம், மனிதச் சோதனைக்கு முந்தைய ஆய்வு என்ற இடத்தில் விலங்குகளை மட்டும் குறிப்பிடாமல், செல் சார்ந்த சோதனைகள், உறுப்பு சிப்கள், கணினி மாதிரிகள் ஆகியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. அது மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே இலக்கைப் பற்றும் எதிர்ப்புரதம்) மருந்துகளிலிருந்து தொடங்கி விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டம். ஐரோப்பாவில் 2010-ஆம் ஆண்டின் 63-ஆம் எண் நெறியாணை, ஒன்றியச் சட்டம் ஏற்ற மாற்று முறை இருக்கும்போது அதே முடிவுக்காக விலங்கைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இந்தியாவும் 2023-இல் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளைத் திருத்தி இந்த முறைகளுக்கு இடம் கொடுத்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு "விலங்குச் சோதனை தடைசெய்யப்பட்டுவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2022 திருத்தம் எந்த விலங்குச் சோதனையையும் தடை செய்யவில்லை. வேறு வழியில் நிரூபிப்பதற்கு இடம் கொடுத்தது. நிரூபிக்கும் பாரம் உங்கள் தோளில்தான் இருக்கிறது. கூட்டத்தில் சட்டப் பிரிவைக் காட்டி வாதாடி யாரும் ஜெயித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தரவைக் காட்டுங்கள்.

முதல் படி: கேள்வியை ஒரே பத்தியில் எழுதுங்கள்

துறையில் இதை "பயன்பாட்டு வரையறை" (context of use) என்பார்கள். நீங்கள் எழுதப்போகும் எல்லா ஆவணங்களிலும் முக்கியமானது இதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில்தான் எழுதுகிறார்கள்.

"எங்கள் கல்லீரல் சிப் மருந்துகளின் நச்சுத்தன்மையைக் கணிக்கும்" என்று எழுதினால் அது வரையறை இல்லை, விளம்பரம். எந்த மருந்து, எந்த அளவில், எத்தனை நாள், யார் முடிவெடுக்கப் போகிறார்கள், எதுவும் அதில் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "சிறுமூலக்கூறு மருந்து ஒன்று கல்லீரல் பாதிப்பால் கைவிடப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மாற்று மூலக்கூறுகளில் எதை முதல் மனிதச் சோதனைக்கு எடுத்துச் செல்லலாம் என்று முடிவு செய்வதற்காக, மனிதக் கல்லீரல் செல்கள் கொண்ட சிப்பில் ஏழு நாட்கள் மருந்து செலுத்தி, ஆல்புமின் சுரப்பு குறைவதையும் செல்லின் வடிவச் சிதைவையும் அளக்கிறோம். இந்த முடிவை மற்ற நச்சியல் தரவுகளோடு சேர்த்துப் பார்ப்போம். தனித்து நிறுத்த மாட்டோம்."

இந்தப் பத்தியில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன: எந்த வகை மருந்து, எந்தக் கட்டம், எதை அளக்கிறோம், அந்த அளவை வைத்து என்ன முடிவு, அது தனியாக நிற்கிறதா துணையாக நிற்கிறதா. ஐந்தில் ஒன்று விடுபட்டாலும் மதிப்பாய்வாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.

அப்புறம் இன்னொரு கேள்வியையும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த விடை தவறாகப் போனால் யாருக்கு என்ன ஆகும்? இரண்டு மூலக்கூறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உள்முடிவு தவறினால் நிறுவனத்துக்குப் பண நட்டம். ஒரு தன்னார்வலருக்குச் செலுத்தும் முதல் அளவு தவறினால் உயிர் போகலாம். தவறின் விலை கூடக்கூட, கேட்கப்படும் ஆதாரமும் கூடும். புதியவர்கள் விலை குறைவான கேள்வியில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். "குரங்கில் செய்யும் ஆறு மாத ஆய்வுக்குப் பதில் எங்கள் சிப்" என்று முதல் கூட்டத்திலேயே போய் நிற்காதீர்கள்.

கேள்வி எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 2006 மார்ச்சில் லண்டனில் ஆறு தன்னார்வலர்களுக்கு அதைச் செலுத்தினார்கள். குரங்குகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல் மூண்டது, அதாவது நோய் எதிர்ப்பு செல்கள் சமிக்ஞைப் புரதங்களைக் கட்டுக்கடங்காமல் கொட்டின. உறுப்புகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சையில் ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். பின்னால் காரணம் தெரிந்தது: மனிதர்களின் ஒரு வகை நினைவு டி-செல்களில் சிடி28 என்ற ஏற்பி இருக்கிறது, சோதனைக்குப் பயன்பட்ட அந்தக் குரங்கினத்தின் அதே செல்களில் அது இல்லை. மருந்து பிடித்துக்கொள்ள வேண்டிய இடமே குரங்கில் இல்லாதபோது, குரங்கு என்ன எச்சரிக்கை கொடுத்துவிட முடியும்?

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. மனித இரத்த செல்களில் அந்த ஆன்டிபாடியைக் கரைசலாக ஊற்றியபோதும் ஒன்றும் நடக்கவில்லை. அதே ஆன்டிபாடியைப் பிளாஸ்டிக் தட்டின் அடியில் உலரவைத்து ஒட்டவிட்டு, அதன்மேல் செல்களை வைத்த பிறகுதான் சைட்டோகைன்கள் வெள்ளமாக வெளிப்பட்டன. "மனித செல்" என்ற பெயர் மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது. மருந்து உடலில் எப்படிச் செயல்படுகிறதோ அதைச் சோதனையும் பிரதிபலிக்க வேண்டும். இன்று நோய் எதிர்ப்பு செல்களைத் தூண்டும் ஆன்டிபாடிகளுக்கு, மனிதச் சோதனைக்கு முன் இப்படிப்பட்ட சைட்டோகைன் வெளியீட்டுச் சோதனையை ஒழுங்குமுறையாளர்களே எதிர்பார்க்கிறார்கள். ஒரு விலங்கில்லா முறை, விலங்கால் விடை சொல்ல முடியாத ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை சொன்னது. அதனால் அது நிலைத்தது.

இரண்டாம் படி: ஏற்கெனவே ஏற்கப்பட்டதைத் தேடுங்கள்

புதிதாக ஒன்றை ஏற்க வைப்பதற்கு முன், உங்கள் கேள்விக்கு விடை ஏற்கெனவே வழிகாட்டுதல்களில் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துகளுக்கான சர்வதேச ஒத்திசைவு அமைப்பான ஐசிஎச் வெளியிடும் ஆவணங்கள்தான் தேட வேண்டிய முதல் இடம்.

எம்7 என்ற வழிகாட்டுதலைப் பாருங்கள். மருந்தில் கலந்திருக்கும் மாசு டிஎன்ஏவைச் சேதப்படுத்துமா என்ற கேள்விக்கு, ஒன்று நிபுணர் விதிகள் சார்ந்ததும் மற்றொன்று புள்ளியியல் சார்ந்ததுமாக இரண்டு கணினிக் கணிப்பு முறைகளில் பார்க்கச் சொல்கிறது. இரண்டிலும் எச்சரிக்கை எதுவும் எழவில்லை என்றால் அந்த மாசைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாம். விலங்கு வேண்டாம், பாக்டீரியாகூட வேண்டாம். கணினியின் விடையை நேரடியாக ஏற்கும் இந்த வழி 2014-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இது தெரியாமல் "கணினி மாதிரியை எல்லாம் அவர்கள் ஏற்க மாட்டார்கள்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எஸ்10 ஒளிநச்சு பற்றியது, அதாவது வெளிச்சம் பட்டால் மருந்து நச்சாகுமா என்பது. 3டி3 என்ற எலி செல் வரிசையில் செய்யும் சோதனையில் பாதிப்பு இல்லை என்று வந்தால் பொதுவாக அதோடு முடிந்தது. பாதிப்பு உண்டு என்று வந்தால் மட்டும் மேலே ஆராய வேண்டும். ஏனென்றால் அந்தச் சோதனை ஆபத்தை அரிதாகவே தவறவிடும், ஆனால் ஆபத்தில்லாததையும் சில சமயம் ஆபத்து என்று சொல்லிவிடும். ஒரு முறையின் பலவீனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தாலே அதை எங்கே நம்பலாம் என்பது தெளிவாகிவிடும். உங்கள் முறைக்கும் இதே கணக்குதான்.

கருவளர்ச்சி நச்சுக்கான எஸ்5 2020-இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட சில சூழல்களில் மாற்று முறைகளைப் பயன்படுத்தலாம் என்றும், அவற்றைச் சரிபார்க்க எந்தெந்த மருந்துகளை ஒப்பீட்டுக்கு எடுக்கலாம் என்றும் அது சொல்கிறது. உயிரியல் மருந்துகளில் வைரஸ் கலப்பைத் தேடும் சோதனைக்கு, 2023-இல் திருத்தப்பட்ட கியூ5ஏ விலங்குகளுக்குப் பதிலாக அடுத்த தலைமுறை மரபணு வரிசையாக்கத்தை ஊக்குவிக்கிறது. தோல், கண் எரிச்சல் போன்றவற்றுக்கு பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் சோதனை வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. தயாரித்த ஒவ்வொரு தொகுதியையும் விற்பனைக்கு விடுமுன் செய்யும் சோதனை என்றால், மருந்துகளின் தர விதிகளைத் தொகுத்த மருந்துத் தரநூலைத் திறந்து பாருங்கள்.

மூன்றாம் படி: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று பாதைகள் இருக்கின்றன. இதில் தவறான பாதையைப் பிடித்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் நேரம் வீணாகும்.

முதலாவது, ஒரு குறிப்பிட்ட மருந்தின் விண்ணப்பத்துக்குள்ளேயே உங்கள் தரவைச் சேர்ப்பது. இதற்கு எந்த முன்அங்கீகாரமும் தேவையில்லை. அந்த மருந்தைப் பொறுத்தவரை இந்தத் தரவு போதுமா என்று மதிப்பாய்வாளர் பார்ப்பார். போதாவிட்டால் கூடுதல் தரவு கேட்பார். புதியவர்களுக்கு இதுதான் சிறந்த நுழைவாயில். முறை அதிகாரபூர்வமாகத் தகுதி பெற்றால்தான் தரவைச் சமர்ப்பிக்க முடியும் என்ற தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, முறைக்கே தகுதி வாங்குவது. எஃப்டிஏவில் 2016 சட்டம் வகுத்த மூன்று கட்டங்கள் உண்டு: விருப்பக் கடிதம், தகுதித் திட்டம், முழுத் தொகுப்பு. வழக்கமான வகைகளில் அடங்காத புதுமையான முறைகளுக்கு 2020-இல் ஐஸ்டாண்ட் என்ற தனித் திட்டத்தையும் தொடங்கினார்கள். தகுதி கிடைத்துவிட்டால், அந்தப் பயன்பாட்டு வரையறைக்குள் எந்த நிறுவனமும் மறுபடி நிரூபிக்காமல் அந்த முறையைப் பயன்படுத்தலாம். பலன் பெரிது, உழைப்பும் பெரிது. 2024 செப்டம்பரில் எமுலேட் நிறுவனத்தின் கல்லீரல் சிப் இந்தத் திட்டத்துக்குள் ஏற்கப்பட்டது. உறுப்பு சிப்களில் அதுதான் முதலாவது. செய்திகளில் "அங்கீகாரம்" என்று எழுதினார்கள். ஏற்கப்பட்டது முதல் கட்டமான கடிதம்தான் என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான இஎம்ஏ, புதிய முறைகளுக்குத் தகுதிக் கருத்து வழங்குகிறது. தரவு இன்னும் முழுமையாகாத, ஆனால் நம்பிக்கை தரும் முறைகளுக்கு ஆதரவுக் கடிதம் கொடுக்கும் வழியும் அங்கே உண்டு.

மூன்றாவது, ஓஇசிடி வழிகாட்டுதலிலோ மருந்துத் தரநூலிலோ இடம்பெறுவது. பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்யும் சரிபார்ப்பு, ஐரோப்பாவின் எக்வாம், அமெரிக்காவின் இக்வாம், ஜப்பானின் ஜாக்வாம் போன்ற மாற்று முறைச் சரிபார்ப்பு அமைப்புகளின் பங்கு என்று நீளும் வேலை இது. தனியொரு குழு முதல் முயற்சியாக எடுக்கத் தக்கதல்ல.

முதல் பாதையின் பலத்துக்கு, போடாக்ஸ் ஊசியில் உள்ள போட்டுலினம் நச்சு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு தொகுதியின் வீரியத்தையும் அளக்க, எலிகளில் பாதி சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை நெடுங்காலம் நடந்தது. அலர்கன் நிறுவனம் செல் சார்ந்த ஒரு சோதனையைத் தன் தயாரிப்புக்கென்றே உருவாக்கியது. 2011-இல் எஃப்டிஏ அதை அந்தத் தயாரிப்புக்கு ஒப்புக்கொண்டது. உலகத்தில் உள்ள எல்லாப் போட்டுலினம் தயாரிப்புக்கும் பொருந்தும் முறை என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. தங்கள் குப்பியில் இருப்பதைச் சரியாக அளக்கிறது என்று காட்டினார்கள். எத்தனை எலிகள் அந்த வேதனையிலிருந்து தப்பின என்று நினைக்கும்போது, ஒரு குறுகிய கேள்விக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பது புரியும்.

நான்காம் படி: ஆதாரம் சேர்ப்பது

வேலை அதிகம் இருப்பது இங்கேதான். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

ஒப்பீட்டு மருந்துகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். சயனைடு கொல்லும், சர்க்கரை கொல்லாது என்று காட்டும் முறையால் யாருக்கும் பயனில்லை. மருந்து நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று கல்லீரல் மாதிரிகளுக்கு இரட்டைகளாக மருந்துகளைப் பரிந்துரைத்தது: டிராக்ளிட்டசோன் - பயோக்ளிட்டசோன், டோல்காபோன் - என்டாகாபோன், டிரோவாஃப்ளாக்சசின் - லீவோஃப்ளாக்சசின். ஒவ்வொரு இரட்டையிலும் இரண்டும் ஒரே குடும்பம், ஏறக்குறைய ஒரே வேலை. ஆனால் முதலாவது மனிதர்களின் கல்லீரலைக் கடுமையாகப் பாதித்தது. இரண்டாவது அப்படிப் பாதிக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் முறையிடம் உண்மையான திறமை இருக்கிறது.

2022-இல் வெளியான கல்லீரல் சிப் ஆய்வு இந்த வழியில் சென்றது. 27 மருந்துகள், 870 சிப்கள். கல்லீரலைப் பாதிக்கும் மருந்துகளில் 87 சதவீதத்தைப் பிடித்தது. பாதிக்காத எதையும் தவறாகக் குற்றம் சாட்டவில்லை. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நல்ல மருந்துகளைத் தேவையில்லாமல் தூக்கிப்போடும் முறையை எந்த நிறுவனமும் வைத்துக்கொள்ளாது.

எத்தனை மருந்துகள் சோதிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பத்து நச்சு மருந்துகளைச் சோதித்து எட்டைச் சரியாகப் பிடித்தால் "80 சதவீதம்" என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த 80-க்குரிய 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வீச்சு, ஏறக்குறைய 44 முதல் 97 வரை விரிகிறது. அதாவது நாணயம் சுண்டுவதற்கு நிகராகவும் இருக்கலாம், மிகச் சிறப்பாகவும் இருக்கலாம். மதிப்பாய்வுக் குழுவில் புள்ளியியலாளர் இருப்பார். இந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்ப்பார். நீங்களே முன்கூட்டிப் போட்டுக் கோப்பில் எழுதிவிடுங்கள்.

அடுத்து மருந்தின் செறிவு. செல்லின் மேல் எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதை, நோயாளியின் இரத்தத்தில் எட்டும் உச்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதிலும் புரதத்தோடு ஒட்டாமல் கட்டின்றி இருக்கும் பகுதியைக் கணக்கில் எடுக்க வேண்டும். வெறும் மைக்ரோமோலார் எண்ணைக் கொடுத்தால் அதற்கு மருத்துவ அர்த்தம் கிடையாது. சிப்கள் செய்யப் பயன்படும் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன், கொழுப்பில் கரையும் சிறுமூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. நீங்கள் பத்து மடங்கு செலுத்தியதாக நினைத்திருப்பீர்கள், செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு மடங்காக இருக்கலாம். "பாதிப்பு இல்லை" என்ற உங்கள் முடிவு அப்போது பொய்யாகிவிடும். வெளியேறும் திரவத்தில் மருந்தின் செறிவை அளந்து காட்டுங்கள். இந்த ஒரு அளவீடு இருந்தாலே கோப்பின் மேல் மரியாதை கூடும்.

செல் எங்கிருந்து வந்தது? ஹெப்ஜி2 போன்ற, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கப்படும் கல்லீரல் செல் வரிசைகளில் மருந்தை உடைக்கும் நொதிகள் மிகக் குறைவு. உடைந்த பிறகு நச்சாகும் மருந்தை அவற்றில் சோதித்தால் நச்சு தென்படாது. மனிதக் கொடையாளரிடமிருந்து வந்த செல்கள் என்றால் கொடையாளருக்குக் கொடையாளர் விடை மாறும். ஒரே கொடையாளரின் செல்களில் நூறு முறை செய்தாலும் அது ஒரு மனிதரைப் பற்றிய தரவுதான். சிலரையாவது சேர்த்து, வேறுபாட்டை மறைக்காமல் அட்டவணையில் போடுங்கள்.

மருந்துகளின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டுச் சோதிப்பவரிடம் கொடுங்கள். எந்த அளவுக்கு மேல் போனால் "நச்சு" என்ற எல்லைக்கோட்டைச் சோதனைக்கு முன்பே எழுதித் தேதியிட்டு வைத்துவிடுங்கள். விடை தெரிந்த பிறகு கோட்டை நகர்த்தினால் எந்த முறையும் அழகாகத்தான் தெரியும். முடிந்தால் இரண்டாவது ஆய்வகம் ஒன்றில், உங்கள் கை படாமல், அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விலங்கில்லா முறை என்று பெயர் வைத்துக்கொண்டு, செல் வளர்ப்பு ஊடகத்தில் மாட்டுக் கரு சீரத்தை ஊற்றுவதும், எலிக் கட்டியிலிருந்து எடுத்த ஜெல்லில் செல்களை வளர்ப்பதும் பரவலான வழக்கம். இதனால் ஒழுங்குமுறையாளர் உங்கள் தரவைத் தள்ளிவிட மாட்டார். ஆனால் சீரத்தின் ஒவ்வொரு தொகுதியும் மாறும், அதனால் முடிவும் ஆடும். உட்கூறுகள் எல்லாம் தெரிந்த, வேதிவரையறை கொண்ட ஊடகத்துக்கு மாறுவது அறநெறிக்கும் நல்லது, தரவின் நிலைத்தன்மைக்கும் நல்லது. தொடக்கத்திலேயே மாறிவிடுங்கள். பின்னால் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: பதிவேடுகள்

பாதுகாப்பை உறுதிசெய்யும் முக்கிய ஆய்வுகள் நல்ல ஆய்வக நடைமுறை விதிகளின்படி, அதாவது ஜிஎல்பி முறைப்படி நடக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. புதிய முறைகளைக் கையாளும் பல்கலைக்கழக ஆய்வகங்களில் பெரும்பாலும் அது இருக்காது. அதற்காகப் பின்வாங்க வேண்டாம். எங்கெங்கே விலகினோம், அதனால் தரவின் நம்பகத்தன்மை ஏன் கெடவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஓஇசிடி 2018-இல் வெளியிட்ட, ஆய்வகக் குடுவை முறைகளுக்கான நல்ல நடைமுறை ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். செல் அடையாளச் சோதனை, மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் கலக்கும் பாக்டீரியா) சோதனை, தொகுதி எண்கள், மூலத்தரவு, தோற்றுப்போன சோதனைகளின் கணக்கு, எல்லாம் இருக்க வேண்டும். தோல்விகளை நீக்கிவிட்டுக் கொடுக்கும் கோப்பை அனுபவமுள்ள மதிப்பாய்வாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஆறாம் படி: சீக்கிரமே போய்ப் பேசுங்கள்

எல்லாம் முடிந்த பிறகு போகலாம் என்று காத்திருப்பது வீண். ஆய்வுத் திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே பேசிவிட வேண்டும். இஎம்ஏவின் புதுமைப் பணிக்குழு நடத்தும் அறிமுகக் கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. முறையான விண்ணப்பமாக இல்லாமல், திறந்த மனதோடு நடக்கும் உரையாடல் அது. எஃப்டிஏவில், மனிதச் சோதனைக்கான ஐஎன்டி விண்ணப்பத்துக்கு முந்தைய கூட்டத்தைக் கேட்கலாம். கேட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் கூட்டம் நடக்க வேண்டும் என்பது விதி. விளக்கத் தொகுப்பை 30 நாட்களுக்கு முன் கொடுத்துவிட வேண்டும். சில சமயம் நேரில் பேசாமல் எழுத்தில் மட்டும் பதில் வரும்.

அந்தத் தொகுப்பில் நீங்கள் வைக்கும் கேள்விகள்தான் கூட்டத்தின் விதியைத் தீர்மானிக்கும். "எங்கள் முறையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் "சுவாரசியமாக இருக்கிறது, மேலும் தரவு தேவை" என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: "இந்த ஆன்டிபாடி மனித இலக்கை மட்டுமே பற்றுகிறது; எந்தச் சோதனை விலங்கிலும் பற்றவில்லை. இணைப்பு 2-இல் உள்ள தரவு அதைக் காட்டுகிறது. ஆகவே விலங்கு நச்சியல் ஆய்வுக்குப் பதிலாக இணைப்பு 3-இல் உள்ள மனித செல் ஆய்வுகளின் அடிப்படையில் முதல் அளவைத் தீர்மானிக்க முன்மொழிகிறோம். இதை ஏற்கிறீர்களா? இல்லையென்றால் எந்தக் கூடுதல் தரவு வேண்டும்?" ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி. "இல்லை" என்று வந்தாலும் அடுத்து என்ன செய்வது என்பது கையில் கிடைத்துவிடும்.

பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்ட ஊக்கச் சொற்களை நம்பி முதலீட்டாளரிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

ஏழாம் படி: கோப்பில் எங்கே, எப்படி

மருந்து விண்ணப்பத்துக்கான பொது வடிவமான பொதுத் தொழில்நுட்ப ஆவணத்தின் நான்காம் பகுதியில் உங்கள் ஆய்வறிக்கை போகும். ஆனால் பலரும் முதலில் படிப்பது இரண்டாம் பகுதியில் வரும் மேலோட்டத்தை. உங்கள் சிப் தரவைத் தனி அத்தியாயமாகப் பிரித்து வைத்தால் அது அலங்காரம்போல் ஒதுங்கிவிடும். கல்லீரல் பாதுகாப்பு என்ற தலைப்பில், மற்ற தரவுகளோடு பின்னி எழுதுங்கள்: வேதியமைப்பு என்ன சொல்கிறது, இதே குடும்ப மருந்துகளின் மனித அனுபவம் என்ன, சிப் என்ன காட்டியது, இவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன. முரண்பாட்டை நீங்களே முதலில் எடுத்துப் பேசுவது முக்கியம்.

உங்கள் முறையால் சொல்ல முடியாததையும் அதே இடத்தில் எழுதுங்கள். ஒற்றை உறுப்பு சிப், ஆண்டுக்கணக்கில் சேரும் பாதிப்பையோ, ஹார்மோன், நரம்பு, நோய் எதிர்ப்பு மண்டலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் எழும் பாதிப்பையோ இன்று காட்டாது. அதை ஒப்புக்கொண்டு, அந்த இடைவெளியை மனிதச் சோதனையில் எப்படிக் கண்காணிப்பீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள்: குறைந்த தொடக்க அளவு, ஒருவருக்குப் பின் ஒருவராகச் செலுத்துவது, எந்த இரத்தப் பரிசோதனை எண் எட்டினால் நிறுத்துவது. தன்னார்வலர்கள் உங்களை நம்பித்தான் வருகிறார்கள். விலங்குகளின் மேல் அக்கறை கொண்டவர்கள் இவர்களிடம் இரட்டிப்பு அக்கறை காட்ட வேண்டும்.

எட்டாம் படி: மற்ற நாடுகளும் காலமும்

ஓர் ஒழுங்குமுறையாளர் ஏற்று மற்றொருவர் மறுத்தால், அந்த விலங்குச் சோதனை எப்படியும் நடக்கும். உலகச் சந்தையை நோக்கும் நிறுவனம் மிகக் கடுமையான விதியைத்தான் பின்பற்றும். ஆகவே உங்கள் வாடிக்கையாளர் எந்தெந்த நாடுகளில் விண்ணப்பிக்கப் போகிறார் என்பதை முதலிலேயே கேட்டுக்கொண்டு, முடிந்தவரை எல்லா இடங்களிலும் ஒரே கேள்வியை ஒரே காலத்தில் கேளுங்கள்.

காலத்தைப் பற்றி: ஊசி மருந்தில் காய்ச்சலூட்டும் கலப்பு இருக்கிறதா என்று முயல்களுக்குச் செலுத்திப் பார்க்கும் சோதனை 1942-இலேயே அமெரிக்கத் தரநூலில் ஏறியது. மனித இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான மோனோசைட் செல்களைக் கொண்டு அதே கேள்விக்கு விடை சொல்லும் முறை ஐரோப்பியத் தரநூலில் 2010-இல் சேர்ந்தது. முயல் சோதனையை அங்கே 57 பிரிவுகளிலிருந்து நீக்கும் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2025 ஜூலையில். புதியது உள்ளே வந்த பிறகும், பழையது வெளியே போகப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் பொறுமையாக ஒப்பீட்டுத் தரவு சேர்த்தவர்களும், தயாரிப்பு தயாரிப்பாகச் சரிபார்த்தவர்களும்தான் அந்த முயல்களை விடுவித்தார்கள். உங்கள் திட்டத்திலும் அந்தப் பொறுமைக்குப் பணமும் ஆளும் ஒதுக்குங்கள்.

ஏற்பு கிடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். செல் வழங்குநர் ஒரு கொடையாளரின் இருப்பை நிறுத்திவிடுவார். சிப்பின் பொருள் மாறும். மென்பொருளின் புதிய பதிப்பு வரும். இப்படி ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எந்தச் சில ஒப்பீட்டு மருந்துகளை மறுபடி ஓட்டிப் பார்ப்பீர்கள், எந்த எண்ணுக்குள் வந்தால் பழைய முடிவுகளோடு சமம் என்று கொள்வீர்கள் என்பதை இப்போதே ஒரு பக்கத்தில் எழுதி, கோப்பின் இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். அந்தச் சோதனைக்கு வேண்டிய உறைந்த செல் குப்பிகள் சிலவற்றையும் இன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.